திரும்பி வராதவர்களுக்கு விசா தேவையில்லை

பெங்களூரு விட்டல் மல்லையா சாலையில் இருக்கும் ஜே.டபிள்யூ. மேரியட் ஹோட்டலில் 2025 ஜனவரி 17ஆம் தேதி அமெரிக்கத் துணைத் தூதரகம் திறக்கப்பட்டது. வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் வந்தார். பெட்டி கட்டிக்கொண்டிருந்த அமெரிக்கத் தூதர் எரிக் கார்செட்டியும் வந்தார். கைதட்டல், பேச்சு, படம் எல்லாம் முறைப்படி நடந்தன. விசா மட்டும் கிடையாது. அதற்கு அன்றும் பெங்களூர்க்காரர் ராத்திரி பஸ் ஏறி, 350 கிலோமீட்டர் தள்ளி, சென்னை ஜெமினி மேம்பாலத்தடியில் இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரக வாசலில் விடியற்காலையில் போய் நிற்க வேண்டியதுதான். உலகத்துக்கே மென்பொருள் எழுதிக் கொடுக்கும் ஊருக்கு, பல வருடக் கெஞ்சலுக்குப் பிறகு, ஒரு பெயர்ப்பலகை கிடைத்தது.

அந்தச் சாலையின் பெயரை இன்னொரு தடவை படியுங்கள். விட்டல் மல்லையா, விஜய் மல்லையாவின் அப்பா. மகன் 2016 மார்ச் 2ஆம் தேதி டெல்லியிலிருந்து லண்டனுக்கு விமானம் ஏறினார். சட்டைப்பையில் கர்நாடகம் அனுப்பிய மாநிலங்களவை உறுப்பினருக்கான தூதரக பாஸ்போர்ட். முதுகுக்குப் பின்னால் 17 வங்கிகளும் ஏறத்தாழ 9,000 கோடி ரூபாய் கடனும். ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட் கொடு என்று அவரிடம் எவனும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த ஒரு காகிதமே அவரை நிறுத்தியிருக்கும். அடுத்த மாதம் இந்தியா அவருடைய பாஸ்போர்ட்டை ரத்து செய்து, திருப்பி அனுப்புங்கள் என்றது. எங்கள் நாட்டில் தங்கியிருக்க செல்லுபடியாகும் பாஸ்போர்ட் தேவையில்லை, வரும்போது இருந்தால் போதும் என்று பிரிட்டன் பதில் சொன்னது. எவ்வளவு தாராள மனசு! இதே பிரிட்டன்தான் அல்சூரில் இருக்கும் ரிட்டயர்டு டீச்சரம்மாவிடம், நீங்கள் திரும்பிப் போவீர்கள் என்பதில் எங்களுக்குத் திருப்தி இல்லை என்று கடிதம் எழுதுகிறது.

விசா என்ற மொத்த வியாபாரத்தையும் பிழிந்தால் மிஞ்சுவது ஒரே கேள்வி: திரும்பி வருவீர்களா? அந்தக் கேள்வி கட்டாயம் திரும்பி வருகிறவர்களிடம் மட்டும் கேட்கப்படுகிறது. வராமல் போகிறவர்கள் வேறு வாசல் வழியாகப் போய்விடுகிறார்கள்.

அமெரிக்கா இதைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறது. 1952ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம், பிரிவு 214(பி). சுற்றிப் பார்க்க வருகிறேன் என்று சொல்லும் ஒவ்வொருவரும் அங்கேயே குடியேற வந்தவர் என்றுதான் முதலில் கொள்ள வேண்டும். இல்லை என்று நிரூபிப்பது வருகிறவர் பாடு. கொலை வழக்கில் சிக்கியவருக்குக்கூட குற்றம் நிரூபணமாகும் வரை நிரபராதி என்ற சலுகை உண்டு. மகளைப் பார்க்கப் போகும் தாய்க்கு அது கிடையாது. அவள் தன் நிரபராதித்தனத்தைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கும் ஓர் இளைஞனிடம் இரண்டு நிமிடத்தில் நிரூபிக்க வேண்டும். அவன் தலையை ஆட்டிவிட்டால் மேல்முறையீடு கிடையாது. மறுபடி பணம் கட்டி மறுபடி வரிசையில் நிற்கலாம்; அந்த உரிமையை மட்டும் யாரும் பறிக்கவில்லை.

இந்த இரண்டு நிமிடத்துக்குத் தாய்மார்களைத் தயார்செய்ய பெங்களூரில் ஏஜெண்டுகள் இருக்கிறார்கள். அந்தப் பாடம் ஏறக்குறைய இப்படிப் போகும்:

"எதுக்குப் போறீங்கம்மா?"

"பொண்ணுக்கு இது ஒம்பதாம் மாசம் தம்பி. பத்தியச் சமையல் பண்ணணும், குழந்தையைக் குளிப்பாட்டணும்..."

"ஐயோ, அதை மட்டும் வாயைத் தொறந்து சொல்லிடாதீங்க. அது வேலை. ஆயா வேலைக்கு வர்றாங்கன்னு ரிஜெக்ட் பண்ணிடுவான்."

"பெத்த பொண்ணுக்குச் செய்யறது வேலையா?"

"அவங்க ஊர்ல அப்படித்தான். நயாகரா பாக்கப் போறேன்னு சொல்லுங்க."

"அது எங்கப்பா இருக்கு?"

"தெரியாட்டிப் பரவாயில்லம்மா. ரொம்ப நாளா ஆசைன்னு சொல்லுங்க."

உண்மை பேசிப் பழகிய ஒரு பெண்ணுக்கு அறுபத்தைந்து வயதில் பொய் சொல்லக் கற்றுக் கொடுத்து, அந்தப் பொய்யை அவள் தடுமாறாமல் சொல்கிறாளா என்று பார்த்து முத்திரை குத்துகிறார்கள். இதற்கு நேர்காணல் என்று பெயர். இதற்கு முன்னால் டிஎஸ்-160 என்று ஒரு படிவம் உண்டு. பயங்கரவாதச் செயலில் ஈடுபடும் எண்ணம் உண்டா? இனப்படுகொலை செய்திருக்கிறீர்களா? விபச்சாரத்துக்காக வருகிறீர்களா? ஐந்து வருடமாக நீங்கள் பயன்படுத்திய சமூக வலைதளக் கணக்குகள் என்ன? பாட்டியின் சார்பில் பேரன் உட்கார்ந்து இல்லை, இல்லை, இல்லை என்று டிக் அடிக்கிறான். விபச்சாரக் கேள்வி வரும்போது மட்டும் திரையைக் கொஞ்சம் திருப்பி வைத்துக்கொள்கிறான்.

படிவத்தோடு பணம். 2023 ஜூனில் 160 டாலர் 185 ஆனது. நம் காசில் சுமார் 16,000 ரூபாய். 2025 ஜூலை 4ஆம் தேதி அதிபர் ட்ரம்ப் கையெழுத்திட்ட சட்டத்தில் விசா நேர்மைக் கட்டணம் என்று இன்னும் 250 டாலருக்கு வழி செய்திருக்கிறார்கள். நேர்மையாக ஊர் திரும்பினால் அதைத் திருப்பித் தரலாமாம். காலி சோடா பாட்டிலுக்குப் பெட்டிக்கடையில் வாங்கும் டெபாசிட் இப்போது பாட்டிக்கும் வந்துவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் மலாவி, ஜாம்பியா நாட்டவர்களிடம் 5,000 முதல் 15,000 டாலர் வரை ஜாமீன் வாங்கத் தொடங்கினார்கள். குற்றம் நடப்பதற்கு முன்பே ஜாமீன்! நம்மை அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை என்று சந்தோஷப்பட்டவர்களையும் நான் பார்த்தேன்.

பணம் கட்டியதும் தேதி கிடைத்துவிடுமா? 2022 செப்டம்பரில் ஜெய்சங்கர் வாஷிங்டன் போய் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் பிளிங்கனிடம் முறையிட்டபோது, டெல்லியில் சுற்றுலா விசா நேர்காணலுக்கான காத்திருப்பு 833 நாள். பெய்ஜிங்கில் இரண்டே நாள். அமெரிக்காவின் பரம வைரி என்று சொல்லப்படுகிறவனுக்கு இரண்டு நாள். இயற்கையான நண்பன் என்று மேடைதோறும் கட்டிப்பிடிக்கப்படுகிறவனுக்கு இரண்டே கால் வருடம். பிரசவத்துக்கென்று விண்ணப்பித்த பாட்டி, பேரனை ப்ரீ-கேஜியில் சேர்க்கத்தான் போய்ச் சேரலாம். தேதிக்குப் பஞ்சம் வந்தால் தேதி விற்கிறவன் வருவான். ரேஷன் கடையிலும் சினிமா தியேட்டரிலும் நாம் பார்த்ததுதான். 2025 மார்ச்சில் மென்பொருள் நிரல்கள் மடக்கிப் போட்டிருந்த சுமார் 2,000 தேதிகளை அமெரிக்கத் தூதரகம் ரத்து செய்தது.

ஐரோப்பாக்காரர்கள் இவ்வளவு முரட்டுத்தனமாக இருக்க மாட்டார்கள்; அவர்கள் நாகரிகமாக உரிப்பார்கள். லக்ஸம்பர்க்கில் மோசல் நதிக்கரையில் ஷெங்கன் என்று ஒரு திராட்சைத் தோட்டத்துக் கிராமம். எல்லைகளை ஒழிப்போம் என்று 1985 ஜூன் 14ஆம் தேதி அங்கே கையெழுத்துப் போட்டார்கள். தங்களுக்குள் ஒழித்த எல்லையையெல்லாம் கூட்டிப் பெருக்கி நம் வாசலில் கொண்டுவந்து கொட்டினார்கள். இன்று 29 நாடுகளுக்கு ஒரே விசா, அதற்குக் கோப்பு ஒரு கிலோ: மூன்று வருட வருமான வரிக் கணக்கு, சம்பளச் சீட்டு, முதலாளியின் விடுப்புக் கடிதம், 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு, கிடைக்குமா என்று தெரியாத பயணத்துக்கு ஹோட்டலும் விமான டிக்கெட்டும். டிக்கெட் வாங்கிவிட்டு விசா கிடைக்காவிட்டால் பணம் போச்சு. டிக்கெட் இல்லாவிட்டால் விசாவே போச்சு. ஆகவே டம்மி டிக்கெட் விற்கும் தொழில் அமோகமாக நடக்கிறது. பிறகு பேங்க் ஸ்டேட்மென்ட். கிளை மேலாளர் ஒவ்வொரு பக்கத்திலும் சீல் வைக்க வேண்டும். எல்லாம் ஆன்லைன், பேப்பர் கிடையாது என்று மார்தட்டும் மென்பொருள் தலைநகரில் அந்த ரப்பர் சீல் எந்த டிராயரில் இருக்கிறது என்று மேலாளரே தேடுகிறார். கணக்கில் பணம் குறைவாக இருந்தால் நகையை அடகு வைத்து, அந்தப் பணத்தை மாதக்கணக்கில் அக்கவுண்ட்டில் போட்டு வைக்க வேண்டும். நேற்று விழுந்த பணம் என்று தெரிந்தால் சந்தேகப்படுவார்களாம். கடன் வாங்கிய பணம் கொஞ்ச நாள் கிடந்தால் சொந்தப் பணம் ஆகிவிடுகிறது. மல்லையாவுக்கும் இதே கணக்கைத்தான் வங்கிகள் போட்டிருக்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் மறுத்தால் ஒரு அச்சடித்த தாள் வரும். அதில் கட்டங்கள். பெரும்பாலும் டிக் விழும் கட்டங்களில் ஒன்று, விசா முடிவதற்குள் எங்கள் நாட்டை விட்டு நீங்கள் வெளியேறுவீர்கள் என்பதில் நியாயமான சந்தேகம் இருக்கிறது என்கிறது. 2024இல் இந்தியாவிலிருந்து 11 லட்சத்துக்கும் அதிகமான ஷெங்கன் விண்ணப்பங்கள் போயின, சுமார் 1.65 லட்சம் நிராகரிக்கப்பட்டன. அந்த ஆண்டு ஜூனில் கட்டணம் 80 யூரோவிலிருந்து 90 ஆனது. நிராகரித்தாலும் காசு திரும்பாது. பெருக்கிப் பாருங்கள்: கதவைச் சாத்தியதற்கு மட்டும் நூறு கோடி ரூபாய்க்கு மேல் கொடுத்திருக்கிறோம். எந்த ஹோட்டலிலும் சாப்பாடு இல்லை என்று சொல்லிவிட்டு பில் கொடுக்க மாட்டான்.

ஐரோப்பியத் தூதரகத்தார் நம் முகத்தைப் பார்ப்பதும் இல்லை. இடையில் விண்ணப்பங்களை வாங்கி அனுப்பும் ஒரு கம்பெனி உட்கார்ந்திருக்கிறது. இந்தத் தொழிலில் உலகத்திலேயே பெரியதான வி.எஃப்.எஸ். குளோபல் 2001இல் மும்பையில் பிறந்தது. இன்று அதன் பெரும்பங்கு அமெரிக்க முதலீட்டு நிறுவனமான பிளாக்ஸ்டோன் கையில். வரிசையில் நிற்கிறவர்களிடம் காசு பண்ணலாம் என்று முதலில் கண்டுபிடித்தது இந்திய மண் என்பதில் பெருமைப்படத்தான் வேண்டும். நம்மைவிட வரிசையை அறிந்தவர் யார்? முடிவெடுப்பது அவர்கள் வேலை இல்லை. விசா கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் சேவைக் கட்டணம் அவர்களுக்கு உண்டு. சோபாவில் உட்கார்ந்து காத்திருக்க ஒரு கட்டணம், குறுஞ்செய்திக்கு ஒரு கட்டணம், கூரியருக்கு ஒரு கட்டணம். இலங்கையில் 2024இல் சுற்றுலா விசா வழங்கும் வேலையை இப்படி அந்நிய நிறுவனக் கூட்டு ஒன்றிடம் ஒப்படைத்தார்கள். அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஆகஸ்டில் அதை நிறுத்தி வைத்தது. உத்தரவை மதிக்காத குடிவரவுத் துறைத் தலைவரை செப்டம்பரில் விளக்கமறியலுக்கே அனுப்பியது. திவாலாகிக் கிடந்த நாட்டுக்கு இருந்த ரோஷம் அது.

ரோஷம் என்றதும் கோவர்தன் மேத்தா நினைவுக்கு வருகிறார். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராக இருந்தவர், கரிம வேதியியலில் உலகம் அறிந்த பெயர். 2006 பிப்ரவரியில் சர்வதேச அறிவியல் மன்றத்தின் தலைவராகவும் இருந்தார். புளோரிடா பல்கலைக்கழகம் சிறப்புப் பேராசிரியராக வாருங்கள் என்று அழைத்தது. அமெரிக்கா அவருக்குப் புதிதில்லை, பல தடவை போய் வந்தவர். அவரும் பெங்களூரிலிருந்து சென்னைக்குப் போய் ஜன்னல் முன்னால் நின்றார். உங்கள் வேதியியல் ரசாயன ஆயுதத்துக்குப் பயன்படுமே என்றார்கள், தகவல்களை மறைக்கிறீர்கள் என்றார்கள், விசா தரவில்லை. அறுபது வயதைத் தாண்டிய அந்த மனிதர் அவமானத்தோடு வெளியே வந்தார். அதிபர் புஷ் அடுத்த மாதம் இந்தியா வரவிருந்த நேரம். விஷயம் பத்திரிகைகளில் வெடித்ததும் அமெரிக்கத் தூதரகம் வருத்தம் தெரிவித்தது, விசாவும் வீடு தேடி வந்தது. மேத்தா போகவில்லை. பயணத்தையே ரத்து செய்தார். விசா வரலாற்றில் ஓர் இந்தியர் நிமிர்ந்து நின்ற தருணங்களை எண்ணினால் அதற்கு முதலிடம் தருவேன். புஷ் வந்தார், அணுசக்தி ஒப்பந்தம் பேசினார், போனார். அவருடைய பேங்க் ஸ்டேட்மென்ட்டை நாம் கேட்கவில்லை.

மேத்தாவைச் சந்தேகப்பட்டு ஜன்னலிலேயே தடுத்த உலகம், யாரைத் தடுக்கவில்லை என்று பாருங்கள். 2024 ஏப்ரல் 26ஆம் தேதி ஹாசன் தொகுதியில் வாக்குப்பதிவு. அதன் எம்.பி., முன்னாள் பிரதமரின் பேரன் பிரஜ்வல் ரேவண்ணா மறுநாள் பெங்களூரிலிருந்து ஜெர்மனிக்குப் பறந்துவிட்டார். அவர் பெண்களுக்கு இழைத்த கொடுமைகளின் வீடியோக்கள் அப்போது ஊரெங்கும் சுற்றிக்கொண்டிருந்தன. யார் விசா கொடுத்தது என்று நாடே கேட்டது. வெளியுறவு அமைச்சகம் அமைதியாக விளக்கியது: தூதரக பாஸ்போர்ட் வைத்திருப்பவர் ஜெர்மனிக்குப் போக விசாவே வேண்டாம். ஷெங்கன் கோப்பில் ஒரு சீல் குறைந்ததற்காக டீச்சரம்மாவைத் திருப்பி அனுப்பும் அதே ஜெர்மனி! மே 31ஆம் தேதி திரும்பி வந்து கைதானார். 2025 ஆகஸ்ட் 2ஆம் தேதி பாலியல் வன்கொடுமை வழக்கில் பெங்களூரு சிறப்பு நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. அவர் இனி திரும்பி வருவாரா என்ற கேள்வி பரப்பன அக்ரஹாரா சிறைக்கு உரியது.

நம் திருவண்ணாமலைக்காரரை விட்டுவிட முடியுமா? பெங்களூரை ஒட்டிய பிடதியில் ஆசிரமம் வைத்திருந்த நித்யானந்தா மீது 2010 முதல் பாலியல் வழக்கு. அவருடைய பாஸ்போர்ட் 2018இல் காலாவதியானது. பாஸ்போர்ட்டே இல்லாமல் நாட்டை விட்டுப் போய், கைலாசா என்று சொந்தமாக ஒரு தேசம் அறிவித்தார். 2020 டிசம்பரில் அங்கே வர மூன்று நாள் விசா தருகிறோம், ஆஸ்திரேலியா வந்தால் நாங்களே கூட்டிப் போகிறோம் என்றார். 2023இல் அவருடைய தூதுவர்கள் ஜெனீவாவில் ஐ.நா. கூட்டத்திலேயே உட்கார்ந்து பேசினார்கள். ஜெனீவா போக நாம் விண்ணப்பித்தால் விடுப்புக் கடிதத்தில் ஹெச்.ஆர். கையெழுத்து சரியாக விழவில்லை என்பார்கள்.

திரும்பிப் போகாமல் தங்கிவிடுவதைப் பற்றி வெள்ளைக்காரர்கள் நமக்குப் பாடம் எடுப்பதுதான் இருப்பதிலேயே பெரிய வேடிக்கை. கார்ன்வாலிஸ் 1791இல் பெங்களூர்க் கோட்டைக்கு எந்த விசாவில் வந்தார்? வந்தவர்கள் கன்டோன்மென்ட் கட்டி, தெருவுக்குத் தெரு தங்கள் பெயரை வைத்து, ஒன்றரை நூற்றாண்டு ஓவர்ஸ்டே செய்தார்கள். ராணுவத்தில் இளம் அதிகாரியாக இங்கே இருந்த வின்ஸ்டன் சர்ச்சில், பெங்களூர் கிளப்பில் 13 ரூபாய் பாக்கி வைத்துவிட்டுப் போனார். வசூலாகாத கடன் என்று 1899இல் எழுதிய அந்தப் பேரேட்டை இன்றும் கிளப்பில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். மல்லையா அந்த மரபில் வந்தவர்.

வெளிநாட்டான் மேல் மட்டும் காய்வது சுலபம், அதனால் அதோடு நிறுத்தவும் கூடாது. சந்தேகப்படுவதில் நம் அரசும் சளைத்ததில்லை. பத்தாம் வகுப்பு தேறாதவர் பாஸ்போர்ட்டில் குடியகல்வுச் சோதனை தேவை என்று முத்திரை விழும். வளைகுடா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவர் தனியாக அனுமதி வாங்க வேண்டும். 2018 ஜனவரியில் இவர்களுடைய பாஸ்போர்ட்டை ஆரஞ்சு நிறத்தில் அச்சடிக்கப்போவதாக வெளியுறவு அமைச்சகம் அறிவித்தது. நீலம் படித்தவனுக்கு, ஆரஞ்சு படிக்காதவனுக்கு, மெரூன் எம்.பி.க்கு. வர்ணாசிரமத்துக்கு இவ்வளவு விளக்கமான அரசாணை வேறு கிடையாது. எதிர்ப்புக் கிளம்பியதும் மாதம் முடிவதற்குள் கைவிட்டார்கள். 2024 பிப்ரவரியில் அரசியலமைப்பும் தேசிய ஒற்றுமையும் என்ற தலைப்பில் கர்நாடக அரசே பெங்களூரில் மாநாடு கூட்டி, லண்டனிலிருந்து பேராசிரியர் நிதாஷா கவுலை அழைத்தது. செல்லுபடியாகும் ஆவணங்களோடு கெம்பேகவுடா விமான நிலையத்தில் வந்திறங்கியவரை மத்திய அரசின் குடியேற்ற அதிகாரிகள் ஊருக்குள்ளேயே விடாமல் அடுத்த விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள். கதவு சாத்துவதை நாம் இறக்குமதி செய்யவில்லை. உள்ளூரிலேயே நன்றாகத் தயாரிக்கிறோம்.

கடைசியாக 2025 டிசம்பர். அமெரிக்காவில் ஹெச்-1பி விசாவில் வேலை பார்ப்பவர்கள் கல்யாணத்துக்கும் காரியத்துக்கும் ஊருக்கு வந்து, விசா ஸ்டாம்பிங்கையும் முடித்துக்கொண்டு போகலாம் என்றிருந்தார்கள். டிசம்பர் 15 முதல் அவர்களின் சமூக வலைதளங்களையும் துருவப் போகிறோம் என்று சொல்லி, நேர்காணல்களை 2026 மார்ச்சுக்கும் அதற்குப் பிறகும் தள்ளிவிட்டார்கள். குழந்தையின் பள்ளிக்கூடம் அங்கே, வீட்டுக் கடன் அங்கே, ஆள் பெங்களூரில் அப்பா வீட்டு மாடியில். ஊர் திரும்ப மாட்டாய் என்று இத்தனை வருடம் சந்தேகப்பட்டவர்கள், திரும்பி வந்த குற்றத்துக்குத் தண்டனை கொடுத்தார்கள்.

நம் எம்.பி.க்கள் இதற்கெல்லாம் ஏன் கொதிக்கவில்லை என்று கேட்பீர்கள். எம்.பி.க்கும் அவர் துணைவருக்கும் மெரூன் பாஸ்போர்ட். நிராகரித்தால் காசைத் திருப்பிக் கொடு, காரணத்தை எழுதிக் கொடு என்று இரண்டே இரண்டு கோரிக்கையை எந்த நாட்டோடும் பேச்சுவார்த்தை மேசையில் வைக்கலாம். ஒரு வருடம் அவர்களும் நீல பாஸ்போர்ட்டில் சொந்தக் காசில் வரிசையில் நின்றால், அடுத்த கூட்டத்தொடரிலேயே வைத்துவிடுவார்கள். உங்கள் தொகுதி எம்.பி. அடுத்த தடவை ஓட்டுக் கேட்டு வாசலில் கைகூப்பி நிற்கும்போது அவருடைய பாஸ்போர்ட் என்ன நிறம் என்று கேளுங்கள். ஜெயித்தால் தொகுதிக்குத் திரும்பி வருவீர்களா என்றும் கேளுங்கள். ஆம் என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள். ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட் வாங்கிக்கொள்ளுங்கள், ஒவ்வொரு பக்கத்திலும் மேலாளர் சீலோடு.